வேலையை விட்டுட்டு ஊழியத்துக்குப் போகணும், வீட்ல விடமாட்டேங்கிறாங்க: தம்பி ஒருத்தருக்குப் பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு. ஊரு காவேரிப்பட்டணம் பக்கம், அப்பாவுக்கு ரெண்டரை ஏக்கர் மாந்தோப்பு, அவர் சம்பாதிச்சு வாங்கினது. நான் ஓசூர்ல ஒரு கம்பெனில குவாலிட்டி செக்ஷன்ல இருக்கேன். போன மே மாசம் கன்வென்ஷன்ல முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவங்க எழுந்து நில்லுங்கன்னு சொன்னப்ப நின்னேன், அன்னைக்கு அழுத அழுகை பொய் இல்ல. ஓசூர்ல நாங்க ஜெபத்துக்கு கூடுற குழுவை நடத்துற அண்ணன் வடநாட்டுக்கு டீம் கூட்டிட்டுப் போறார், உனக்குள்ளதை எல்லாம் வித்துட்டு வான்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு, உன் மனையை வித்து ஊழியத்துல போடுன்னு சொல்றார். ராயக்கோட்டை ரோட்டுல என் பேர்ல 1200 சதுரடி மனை இருக்கு, அதுக்கு அட்வான்ஸ் கொடுக்க அம்மா நகையை அடகு வச்சோம், இன்னும் மீட்கல. படிப்பு லோன் கொஞ்சம் பாக்கி. தங்கச்சி நர்சிங் முடிச்சு வேலைக்குப் போறா, கல்யாணம் பண்ணணும். அம்மா ஒரே பையன்னு அழுவுறாங்க, அறுப்பின் பண்டிகைக்குக்கூட கவரிங் செயின் போட்டுக்கிட்டு வந்தாங்க, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அப்பா பேசுறதையே விட்டுட்டார். தோப்புல என் பங்கைப் பிரிச்சு வாங்கி அதையும் வித்துடலாமான்னு யோசிக்கிறேன். தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் எனக்கு சீஷனா இருக்கமாட்டான்னு வசனம் இருக்கே. வீட்டைப் பாத்து நின்னுட்டா நான் பின்வாங்கினவன் ஆயிடுவேனா? இதுல வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வேற போகணும்ங்கிறாங்க.

பதில்:

தம்பி, கன்வென்ஷன்ல எழுந்து நின்னதெல்லாம் ஒரு வேகம், ரெண்டு மாசத்துல தெளிஞ்சிடும்னு சொந்தக்காரங்க யாராவது சொல்லியிருப்பாங்க. நான் அப்படி சொல்லப்போறது இல்ல, மாசக்கணக்கா அதே நினைப்போட ஷிஃப்ட்டுக்கும் போயிட்டு வந்துட்டு இருக்கீங்க, அதை லேசா எடுத்துக்க முடியாது. ஆனா அழைப்பு உண்மையா இல்லையான்னு எங்கிட்ட கேக்காதீங்க, அதை உங்க சபை போதகர் ஐயரும் உங்களை சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் ரெண்டு பேரும் கூட உக்காந்து பாக்கணும். நான் குடும்ப ஆலோசனை சொல்றவ, எங்கிட்ட ரெண்டு விதமான ஆளுங்களும் வர்றாங்க. ஊழியத்துக்குப் போறேன்னு ஒரே ராத்திரில கிளம்பிப் போயி, அப்புறம் வீட்டு வாசல்ல பேங்க்காரன் வந்து நின்னு, அந்த அவமானத்துல அப்பா அம்மா சபைக்கே வராம போன குடும்பமும் வருது. இருவத்தஞ்சு வயசுல உள்ள வந்த நினைப்பை வீட்டுக்காக அமுக்கி வச்சுட்டு, அம்பது வயசுல பொண்டாட்டி புள்ளைங்க மேல எரிஞ்சு விழுற மனுஷங்களும் வர்றாங்க. ரெண்டாவது ஆளுங்க வலி வெளிய தெரியாது, ஆனா அது கம்மி இல்ல.

நீங்க கேட்டிருக்கிறது ஆண்டவரா குடும்பமான்னு. உங்க லெட்டரைப் படிச்சா எனக்கு அப்படித் தெரியல. வீட்ல உங்ககிட்ட கேக்குறது எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி ஒரு பக்கம் வச்சிருக்கீங்க, அதுக்குள்ள கடனும் இருக்கு எதிர்பார்ப்பும் இருக்கு, ரெண்டும் கலந்து கிடக்கு. எதிர்பார்ப்பைத் தாண்டிப் போறதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. கடனைத் தாண்டிப் போக வேதமே விடாது. இதைப் பிரிச்சுப் பாக்காம எந்த வசனத்தை எடுத்தாலும் அது தப்பான இடத்துல போய்தான் உக்காரும்.

நகையில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா லெட்டர்ல என்னை நிறுத்தினது அந்த கவரிங் செயின்தான். பாக்கவே கஷ்டமா இருந்துச்சுன்னு ஒரு வரில எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டீங்க. தம்பி, உங்க பேர்ல இருக்கிற மனைக்குள்ள உங்க அம்மாவோட கழுத்து நகை இருக்கு. பத்திரத்துல அவங்க பேர் இல்ல, ஆனா அட்வான்ஸ் அவங்க கழட்டிக் கொடுத்தது. இப்ப அந்த மனையை வித்து மொத்தமா ஊழியத்துல போட்டுட்டீங்கன்னு வைங்க, அம்மா நகையை எப்பப்பா மீட்டுத் தருவன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க, அது ஆண்டவருக்குப் போயிடுச்சும்மான்னா? மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுத்து ஒரு தடவை சத்தமா வாசிங்க. பெத்தவங்களுக்கு என்னால கிடைக்க வேண்டியதை கொர்பான், அதாவது காணிக்கைன்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் அவங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம்னு ஒரு வழக்கம் இருந்துச்சு, அதைத்தான் இயேசு பரிசேயரைப் பாத்து உங்க பாரம்பரியத்தால தேவ வசனத்தை அவமாக்குறீங்கன்னு கடுமையா சொல்றார். கடவுளுக்குக் கொடுக்கிறேன்னு சொல்லி அம்மாவோடதை எடுக்குறதை அவரே ஏத்துக்கல. இதுக்கு மேல இதுல நான் விளக்கம் சொல்ல என்ன இருக்கு?

இங்க நம்ம பக்கம் தோப்பை பூ விட்டப்பவே குத்தகைக்கு விட்டுடறாங்கல்ல, அதுக்கப்புறம் அந்த வருஷக் காய் குத்தகைக்காரருது, தோப்பு உங்கப்பா பேர்லயே இருந்தாலும் நாலு கூடை பறிச்சு அநாதை இல்லத்துக்கு தானம் கொடுக்க அவரால முடியாது. உங்க மனை இப்ப அந்த நிலைமைலதான் இருக்கு. முதல்ல நகையை மீட்டுடுங்க. தங்கம் விலை ஏறிக்கிடக்கிற இந்த நேரத்துல நீங்க வாங்கின கடனை விட உள்ள இருக்கிற நகையோட மதிப்பு ரொம்ப அதிகமா இருக்கும், வட்டி கட்டி திருப்பி வைக்காம விட்டு ஏலத்துக்குப் போச்சுன்னா நஷ்டம் முழுசும் அம்மாவுக்கு. சீட்டை எடுத்து கடைசித் தேதி என்னன்னு இன்னைக்கே பாருங்க.

அடுத்து தோப்பு. இதுல உங்களுக்கு ஒரு அதிர்ச்சி இருக்கு. உங்க பங்குன்னு அதுல ஒன்னுமே இல்ல. பக்கத்து தோட்டத்துக்கார பசங்க எங்கப்பா சொத்துல எனக்குப் பங்குன்னு பேசுறதைக் கேட்டு நீங்களும் அப்படியே நினைச்சிருப்பீங்க, அது இந்து வாரிசு சட்டத்துல பூர்வீக சொத்துக்கு இருக்கிற விஷயம். கிறிஸ்தவங்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதுல பிறந்ததனாலயே மகனுக்கு பங்குங்கிற பேச்சே கிடையாது. அப்பா சம்பாதிச்சு வாங்கின தோப்பு அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் முழுசும் அவருது, விக்கலாம், யாருக்கு வேணும்னாலும் உயில் எழுதலாம். உயில் இல்லாம போனா அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் மூணுல ரெண்டு பங்கு உங்களுக்கும் தங்கச்சிக்கும் சரிபாதி, ஆம்பளை பொம்பளை வித்தியாசம் இல்ல. ஆக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன்னு நீங்க நினைச்சுட்டு இருக்கிற பங்கு உங்க கையிலயே கிடையாது. அப்பா உயிரோட இருக்கும்போதே எனக்கு வரவேண்டிய பங்கைக் கொடுன்னு கேட்ட ஒரு பையன் வேதத்துல இருக்கான், லூக்கா 15ல, அவன் அந்தப் பங்கோட எங்க போனான்னு உங்களுக்கே தெரியும். தாத்தா காலத்துல ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே வந்த நிலம் ஏதாவது குடும்பத்துல இருந்தா மட்டும் கணக்கு மாறலாம், அந்த பத்திரத்தை ஒரு வக்கீல்கிட்ட காட்டிக்குங்க.

சொத்தை மதத்துக்குக் கொடுக்கிற விஷயத்துல அதே சட்டத்துக்கு ஒரு காலத்துல கிறிஸ்தவங்க மேல சந்தேகமே இருந்துச்சு. நெருங்கின சொந்தம் இருக்கிற ஒருத்தர் சர்ச்சுக்கோ தர்மத்துக்கோ உயில் எழுதினா, சாகறதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கணும், குறிப்பிட்ட காலத்துக்குள்ள அரசாங்கத்துல ஒப்படைச்சிருக்கணும்னு 118ஆம் பிரிவுல நிபந்தனை வச்சிருந்தாங்க, சாகப்போற நேரத்துல யாராவது வந்து மனசை மாத்தி எழுதி வாங்கிடுவாங்கன்னு பயம். கேரளாவுல ஒரு பாதிரியார் கேஸ் போட்டு 2003ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவு செல்லாதுன்னு எடுத்துடுச்சு, எடுத்தது சரிதான், மத்தவங்களுக்கு இல்லாத கட்டு நமக்கு மட்டும் எதுக்கு. ஆனாலும் அந்த பயம் ஒன்னும் ஆகாசத்துல இருந்து வரல. அது என்னை உங்க குழு அண்ணன்கிட்ட கொண்டு வந்து விடுது.

அவரை எனக்குத் தெரியாது, நல்ல மனுஷராவே இருக்கலாம். ஆனா மாற்கு 10ல அந்த ஐசுவரியவான்கிட்ட இயேசு சொன்னது என்னன்னு பாருங்க. "உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்று, தரித்திரருக்குக் கொடு", அதுக்கப்புறம்தான் பின்பற்றி வான்னு வருது. வித்துட்டு எங்கிட்ட கொண்டான்னு சொல்லல. பன்னெண்டு பேரோட ஊர் ஊரா சுத்துறவருக்கு காசு தேவைப்படலையா? தேவைப்பட்டுச்சு, பணப்பை ஒன்னு இருந்துச்சு, அதை யூதாஸ் வச்சிருந்தான், அதுல போட்டதை எடுத்துக்கிட்டான்னு யோவான் எழுதியே வச்சுட்டாரு. அப்படி இருந்தும் அந்தப் பணக்காரப் பையன் காசு அந்தப் பைக்குள்ள வரணும்னு அவர் கேக்கவே இல்ல. அதனால யாராவது இந்த வசனத்தைச் சொல்லி, வித்த காசை சொன்னவர் அக்கவுண்ட்டுலயே போடச் சொன்னா, அந்த இடத்துல நீங்க கொஞ்சம் நிக்கிறது பின்வாங்குறது ஆகாது. கேள்வி கேளுங்க. ட்ரஸ்ட் ரெஜிஸ்டர் ஆகியிருக்கா, செக்குல எத்தனை பேர் கையெழுத்து, வருஷா வருஷம் ஆடிட் பண்ற கணக்கை காட்டுவாரா, அங்க போய் மஞ்சக்காமாலை வந்து படுத்தா யார் பாப்பாங்க, ரெண்டு வருஷத்துல ஒத்துவரலன்னு திரும்பினா என்ன, இதெல்லாம் எழுத்துல கேளுங்க. கோவம் வந்துச்சுன்னா அதுவே ஒரு பதில். பேர் சொல்ற மாதிரி இருக்கிற மிஷனரி அமைப்பு எதுவும் சபை போதகர் லெட்டர் இல்லாம, ட்ரெயினிங் இல்லாம ஒரு பையனை ரயில் ஏத்தி விடாது. மனையைக் கொண்டு வான்னு முதல் கேள்வியா கேக்கவும் கேக்காது.

ஆதித் திருச்சபைலயும் வித்துக் கொண்டாந்து அப்போஸ்தலர் பாதத்துல வச்சாங்களேன்னு கேப்பீங்க. வச்சாங்க. ஆனா நிலத்தை வித்து ஒரு பங்கை ஒளிச்சு வச்சுட்டு முழுசும் இதுதான்னு கொண்டாந்த அனனியாகிட்ட பேதுரு என்ன கேக்குறார், விக்கிறதுக்கு முன்னாடி அது உன்னுடையதா இருக்கலையா, வித்த அப்புறமும் அது உன் வசத்துலதானே இருந்துச்சுன்னு கேக்குறார். யாரும் அவனை விக்கச் சொல்லல, பொய் சொன்னதுதான் பிரச்சனை. வரி வசூல் பண்ற சகேயு பாதி சொத்தை ஏழைங்களுக்குன்னு சொல்றான், ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தரேன்னு சொல்றான், மீதிப் பாதி எங்கடான்னு இயேசு கேக்கல, இன்னைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துச்சுன்னு சொல்லிட்டார். ஏரோதோட காரியக்காரன் கூசாவோட சம்சாரம் யோவன்னாள், சூசன்னாள்னு சில பொம்பளைங்க தங்களோட ஆஸ்தியால அந்த ஊழியத்தையே தாங்கினாங்கன்னு லூக்கா 8ல இருக்கு, வித்துட்டா எதை வச்சு தாங்குறது. கெரசேனர் நாட்டுல பிசாசு நீங்கின ஒருத்தன் நானும் உம்மோட வரேன்னு கெஞ்சுறான், அவனை மட்டும் வேணாம், உன் வீட்டுக்குப் போன்னு அனுப்புறார். எல்லாருக்கும் ஒரே ஆர்டர் போட்டவர் இல்ல அவர். உங்களுக்கு எந்த ஆர்டர்னு அண்ணன் முடிவு பண்ண முடியாது, நானும் முடியாது.

வெறுக்காதவன்னு வர்ற அந்த வசனம் லூக்கா 14:26. கடினமான வசனம்தான், மத்தேயுல அதே விஷயம் என்னை விட அதிகமா தகப்பனையோ தாயையோ நேசிக்கிறவன்னு வருது, அந்தப் பக்கமா வச்சுப் படிச்சா கொஞ்சம் வெளிச்சம் வரும். ஆனா மேடைல 26ஐயும், தனக்குள்ளதை எல்லாம் வெறுத்துவிடாதவன் எனக்கு சீஷனா இருக்கமாட்டான்னு வர்ற 33ஐயும் சொல்றவங்க நடுவுல இருக்கிற 28ஐ ஏன் தாண்டிப் போறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. கோபுரம் கட்டணும்னா முதல்ல உக்காந்து செல்லும் செலவைக் கணக்குப் பாக்கமாட்டானா, அஸ்திபாரம் போட்டுட்டு முடிக்க முடியாம போனா பாக்குறவங்க சிரிப்பாங்களேன்னு அதே வாய்தான் சொல்லுது. சீஷனா போறதுக்கு முன்னாடி கணக்குப் பாக்கச் சொன்னவர் அவரே. நீங்க இன்னும் உக்காரல தம்பி.

கணக்குப் பாத்துட்டுப் போன ஆளுங்க கதை நிறைய இருக்கு. எகிப்துல அந்தோணியார், மூணாம் நூற்றாண்டு, அப்பா அம்மா செத்து ஆறு மாசம் கூட ஆகல, வயசு இருவதை ஒட்டி, கோயில்ல இதே வசனத்தை வாசிக்கிறதைக் கேட்டுட்டு வெளிய வந்து முந்நூறு அரூரா (அந்தக் காலத்து எகிப்து நில அளவு) நல்ல நிலத்தை ஊர்க்காரங்களுக்கே கொடுத்துட்டார், தட்டுமுட்டு சாமானையும் வித்து ஏழைங்களுக்குக் கொடுத்தார். ஆனா தங்கச்சி ஒருத்தி இருந்தா, அவளுக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சார். பின்னாடி அதையும் கொடுத்துட்டார்தான், அப்பவும் நம்பிக்கையான பொம்பளைங்ககிட்ட அவளை ஒப்படைச்சுட்டுதான் போனார். பிரான்ஸ்ல லியோன் பட்டணத்து வியாபாரி வால்டோ, 1173 வாக்குல, எல்லாத்தையும் விட்டார்னு சொல்லுவாங்க, அவர் முதல்ல சம்சாரத்துக்கு நிலபுலன் வேணுமா ரொக்கம் சாமான் வேணுமான்னு கேட்டு அவங்க கேட்டதைக் கொடுத்தார், தான் அநியாயமா வாங்கினதை அந்தந்த ஆளுக்கு திருப்பினார், பொண்ணுங்களுக்கு ஒதுக்கினார், மிச்சத்தைத்தான் ஏழைங்களுக்கு இறைச்சார். சம்சாரத்துக்கு அப்பவும் கோவம்தான், அது வேற கதை. கத்தோலிக்க திருச்சபையோட 1983ஆம் வருஷத்து சட்டத்தொகுப்புல 644வது விதி, கட்ட முடியாத கடன் இருக்கிறவங்களை துறவற சபைல நவசந்நியாசத்துக்கு, அதாவது ஆரம்பப் பயிற்சிக்கு, சேர்க்கக் கூடாதுன்னு நேராவே சொல்லுது. வறுமையா வாழ்வேங்கிறதுதான் அங்க எடுக்கிற வார்த்தைப்பாடே, அப்படிப்பட்ட இடத்துலயே கடனோட வராதேங்கிறாங்க. நீங்க கத்தோலிக்கர் இல்லன்னு தெரியும், இருந்தாலும் எத்தனையோ நூறு வருஷம் அடிபட்டுக் கத்துக்கிட்டு எழுதின விதி இது, எடுத்துக்கிட்டா தப்பில்ல.

ரொம்ப தூரம் போக வேணாம், இங்க பக்கத்துல திருப்பத்தூர்ல கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கே, போயிருக்கீங்களா? 1921ல சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் ஆரம்பிச்சது. பேட்டன் ஸ்காட்லாந்துல கம்பளி நூல் மில் வச்சிருந்த பணக்காரக் குடும்பம், அதை விட்டுட்டு வந்து இங்க கதர் கட்டிக்கிட்டு ஏழையா வாழ்ந்தார். ஆனா ரெண்டு பேரும் டாக்டர் படிப்பை முடிச்சுட்டு அந்தக் கையோட வந்தாங்க, அதனாலதான் ஜனங்களுக்கு வைத்தியம் பாக்க முடிஞ்சுது. உங்க கையில என்ன இருக்கு, குவாலிட்டில இத்தனை வருஷம் பழகின கண்ணு இருக்கு, மெஷின் தெரியும், போற இடத்துல பத்துப் பசங்களுக்கு தொழில் சொல்லிக்கொடுக்க முடியும். பவுலே கூடாரம் தைச்சுதான் சாப்பிட்டார். வேலையை விடுறதுதான் ஊழியம்னு யார் சொன்னது?

இப்ப எதிர்பார்ப்பு பக்கம் வரேன், இங்க நான் உங்க கட்சி. ஒரே பையன், ஓசூர்ல மாடி வீடு கட்டணும், கார் வாங்கணும், மண்டபம் பிடிச்சு ஊரே மெச்சுற மாதிரி கல்யாணம் பண்ணணும், பேரப்புள்ளையைக் கண்ணுல காட்டணும், இதுல எதுவுமே நீங்க பட்ட கடன் இல்ல. அம்மா அழுவாங்க. அந்த அழுகை உண்மை, ஆனா உண்மையான அழுகைங்கிறதுக்காக அதுக்குக் கட்டுப்பட்டே ஆகணும்னு இல்ல. இயேசுவையே மதிமயங்கிட்டான்னு சொல்லி சொந்தக்காரங்க பிடிச்சுட்டுப் போக வந்தாங்க, அம்மாவும் தம்பிங்களும் வெளிய நின்னு ஆள் அனுப்பினாங்க, அவர் எழுந்து போகல. அதே மனுஷன் சிலுவைல தொங்கும்போது அம்மாவை யோவான் கையில ஒப்படைச்சுட்டுதான் உயிரை விட்டார். ரெண்டையும் ஒரே ஆள்தான் செஞ்சார். அம்மா ஆசைப்பட்ட மாதிரி வாழல, அம்மாவை நடுத்தெருவுலயும் விடல.

தங்கச்சி கல்யாணத்தை நீங்க கடன் லிஸ்ட்டுல போட்டிருக்கீங்க, நான் அதை அங்க இருந்து எடுத்துடுவேன். அவ நர்ஸு, சம்பாதிக்கிறா, எத்தனை பவுன் போடணும்னு இன்னொரு வீடு கேக்குறதுக்கு நீங்க ஆயுசு முழுக்க கடன்காரனா நிக்க வேண்டியது இல்ல, வரதட்சணை கேக்குற வீட்டுக்கு அவளை அனுப்பாம இருக்கிறதுதான் அண்ணன் செய்ய வேண்டியது. அவகிட்ட ஒரு தடவையாவது உனக்கு என்னம்மா வேணும்னு கேட்டீங்களா? லெட்டர்ல அவ பேசின ஒரு வார்த்தை கூட இல்ல.

அப்பா பேசாம இருக்கிறதை நீங்க எதிர்ப்புன்னு எடுத்துக்கிட்டீங்க. எனக்கு அது பயம்னு படுது. பெங்களூரா ரக மாங்காய் வச்சிருக்கிற விவசாயிக்கு ஒவ்வொரு சீசனும் கூழ் ஃபேக்டரிக்காரன் என்ன ரேட் சொல்லுவானோன்னுதான் போகுது, விலை விழுந்தா பறிக்கிற கூலிக்குக்கூட கட்டாம மரத்துலயே விட்டுட்டு நிக்கிறதை நீங்களே பாத்திருப்பீங்க. படிப்பு லோன்ல அவரும் சேந்துதான் கையெழுத்துப் போட்டிருப்பார், நீங்க வேலையை விட்டு தவணை நின்னா பேங்க் அடுத்து கூப்பிடறது அவரை. அவர் மண்டைக்குள்ள அந்தக் கணக்கு ஓடிட்டு இருக்கு, நீங்க அவர்கிட்ட போய் மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்னு வசனம் சொன்னா எப்படி இருக்கும்? யாக்கோபும் யோவானும் படகுல அப்பாவை விட்டுட்டுப் போனாங்கன்னு சொல்றோமே, மாற்கு ஒரு சின்ன விஷயத்தையும் சேத்து எழுதியிருக்கார், செபெதேயுவை கூலியாட்களோட விட்டுட்டுப் போனாங்களாம். வலை இழுக்க ஆள் இருந்துச்சு. உங்கப்பாவுக்கு யார் இருக்காங்க, மருந்தடிக்க, மண்டிக்குப் போக, வயசான காலத்துல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக? இதுக்கு ஒரு பதிலோட போங்க. அம்மாவைக் கூட வச்சுக்காம, ஒரு நாள் சாயங்காலம் தோப்புல அவர்கூட தனியா உக்காருங்க. வசனம் வேணாம். ஒரு பேப்பர்ல நகை எவ்வளவு, லோன் எவ்வளவு, எந்த மாசம் எது முடியும், நான் போனாலும் மாசம் உங்களுக்கு இவ்வளவு எப்படி வரும்னு எழுதிக் காட்டுங்க, காட்டிட்டு உங்களுக்கு எதுப்பா பயம்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. அவர் உடனே பேசமாட்டார். பரவாயில்ல.

இவ்வளவு சொல்லிட்டு ஒரு விஷயத்தை மழுப்பினா நான் உங்களுக்கு நியாயம் செஞ்ச மாதிரி ஆகாது. லூக்கா 9ல ஒருத்தன் வீட்ல சொல்லிட்டு வந்துடறேன்னு கேக்குறான், அவ்வளவுதான் கேட்டான், அதுக்கே கலப்பைல கை வச்சவன் பின்னால திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு பதில் வருது. பழைய ஏற்பாட்டுல எலியா தீர்க்கதரிசி தன் பின்னால வரக் கூப்பிட்ட எலிசாவுக்கு அந்த அவகாசம் கொடுத்தாரு, அவனும் அப்பா அம்மாவை முத்தம் செஞ்சுட்டு, ஏர் மாட்டை அடிச்சு, அந்தக் கலப்பை மரத்தையே விறகா வச்சு சமைச்சு ஜனங்களுக்கு விருந்து போட்டுட்டுக் கிளம்பினான். இயேசு எலியாவை விட கெடுபிடியாத்தான் பேசுறார், அதை நான் மாத்தி சொல்ல முடியாது. எங்க வேலைல நான் பாக்குறதும் இதுதான், முதல்ல இது முடியட்டும்னு சொல்றதுக்கு முடிவே கிடையாது. லோன் முடிஞ்சா தங்கச்சி, தங்கச்சி முடிஞ்சா வீட்டு மேல ஒரு ரூம், ரூம் முடிஞ்சா அப்பாவுக்கு சுகர். நான் சொன்ன அம்பது வயசு ஆளுங்க எல்லாம் இப்படித்தான் ஆனாங்க. அதனால கடனை அடைக்கிறேங்கிறதை நீங்க ஒளிஞ்சுக்கிற இடமா ஆக்கிக்கக் கூடாது. ஒரு தேதி போடுங்க. மனையை வித்தா நகையும் மீளும், லோனும் முடியும், அப்பா கையெழுத்துல இருந்து விடுபடுவார், அதுக்கு ஒன்னும் வருஷக்கணக்கு ஆகாது, நல்ல ரேட்டுக்கு ஆள் கிடைக்கிற வரைக்கும்தான். விக்காம சம்பளத்துலயே முடிக்கலாம்னா எத்தனை மாசம்னு எண்ணி, கடைசி மாசத்தை காலண்டர்ல எழுதி, சபை ஐயர்கிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லிடுங்க. அது வரைக்கும் வேலையை விடாதீங்க, லீவு போட்டுட்டு அந்த வடநாட்டு இடத்தை ஒரு தடவை போய் பாத்துட்டு வாங்க, அண்ணன் இல்லாம தனியா போய் அங்க ஏற்கனவே இருக்கிறவங்ககிட்ட பேசிட்டு வந்தா இன்னும் நல்லது.

எல்லாம் அடைச்சு மீதி நிக்கிற பணம் இருக்கே, அது உங்களுது. அதை என்ன பண்றதுன்னு எங்கிட்ட கேக்காதீங்க, அம்மாகிட்டயும் கேக்காதீங்க. மொத்தமும் ஏழைங்களுக்குக் கொடுத்துட்டா நான் உங்களை பைத்தியம்னு சொல்லமாட்டேன். சபைல எல்லாரும் சொல்லுவாங்க, அவசரத்துக்கு எதையாவது வச்சுக்க வேணாமான்னு, அவங்கவங்க பேங்க் புக்கை நினைச்சு சொல்றது அது. அந்த வசனத்தை மனசுக்குள்ள மட்டும் பற்றில்லாம இருந்தா போதும்னு நம்ம சபைங்க ரொம்ப ஈஸியா ஆக்கி வச்சிருக்கு, நான் அதையும் முழுசா ஒத்துக்கல. உங்களுது எதுவோ அதைக் கொடுக்கிறதுக்கு யாரும் உங்களுக்குக் குறுக்க நிக்கக் கூடாது.

பின்வாங்கினவன் ஆயிடுவேனான்னு கேட்டிருந்தீங்க. அம்மா நகையை மீட்டுக் கொடுக்கிறதுக்காக எட்டு மாசம் கூட வேலை செய்யிற ஒருத்தனை பின்வாங்கினவன்னு சொல்ற குழுவா இருந்தா, நீங்க பின்வாங்க வேண்டியது அந்தக் குழுவை விட்டு.

ஞாயித்துக்கிழமை விஷயம். போகாதீங்க, இப்ப போகாதீங்க. நீங்க ஒரு முடிவுக்கு வராம அங்க போய் பஜ்ஜி காபி சாப்பிட்டுட்டு, பொண்ணை வரச்சொல்லிப் பாத்துட்டு, அப்புறம் அழைப்பு இருக்குன்னு இழுத்தடிச்சா அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஊர்ல பேச்சு வரும், அவங்க என்ன பாவம் பண்ணாங்க. இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லி தள்ளிப் போடச் சொல்லுங்க, காரணத்தையும் சொல்லச் சொல்லுங்க, ஜாதகம் சரியில்ல, வேலை மாறப்போறான்னு கதை கட்ட வேணாம். கல்யாணமே வேணாம்னு நான் சொல்லல, பேதுரு சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் ஊழியத்துக்குச் சுத்தினார்னு பவுல் 1 கொரிந்தியர் 9ல எழுதியிருக்கார். தேதி போட்டு அப்பாகிட்ட பேசின அப்புறம், எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பொண்ணுகிட்ட நேரா பத்து நிமிஷம் பேசணும்னு கேளுங்க, கம்பெனி சம்பளத்தை நம்பி வராதீங்க, நான் எங்க போய் எப்படி வாழப்போறேன்னா இதுதான்னு சொல்லுங்க. வேணாம்னு சொன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. சரின்னு சொல்ற பொண்ணும் இருப்பா, இந்த ஜில்லாவுலயே இருப்பா. ஆனா முதல்ல அந்த அடகு சீட்டோட தேதியைப் பாருங்க தம்பி, பாத்துட்டு எனக்கு எழுதுங்க.